மாமி வீட்டில் காஸ் பூட்டிய கதை

கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் குடியேறும் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது. வீடு பெண்ணின் சீதனம். கிணறு, மாடு, தோட்டம், பூசை நேரம், நாயின் பெயர் எல்லாம் அவன் வருவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். "இன்னும் கொஞ்சம் போடட்டோ தம்பி?" என்று மாமியார் கேட்கும்போது, வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டித் தடுத்துவிட்டு, போட்டதைச் சாப்பிட்டு முடிப்பது மட்டும்தான் அவன் கடமை. இப்படிச் சும்மா இருக்கும் மனிதனைப் போல ஒரு வீட்டுக்கு ஆபத்தான பொருள் வேறு கிடையாது. காஸ் சிலிண்டரெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

நான் கோப்பாயில் மாப்பிள்ளையானது எண்பத்து நான்காம் ஆண்டு. சொந்த ஊர் தெல்லிப்பழை. உள்ளூராட்சிக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தேன். மதில் எவ்வளவு உயரம் இருக்கலாம், மலசலகூடம் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பன போன்ற விதிகள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் எனக்கு விதி என்றால் உயிர். (தலைவிதியைச் சொல்லவில்லை. அது வேறு கந்தோர்.) ஒரு வேலையைச் செய்யத் தெரியாவிட்டாலும், அதை எப்படிச் செய்யக்கூடாது என்று நின்ற நிலையில் ஒரு பிரசங்கம் வைப்பேன். புது மாப்பிள்ளை என்றபடியால் அந்த வீட்டில் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் பிழையாகப் போயிற்று.

என் மனைவி யோகாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். கொழும்பில் நல்ல உத்தியோகம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவரிடம் சான்றிதழ் இல்லை, நகை இல்லை, மாற்றுச் சறம்கூட இல்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி ஒரு காஸ் அடுப்பைக் கொண்டு வந்தார். இரண்டு பானை வைக்கக்கூடிய, மேசையில் வைக்கிற அடுப்பு. ஏன் அதைத் தூக்கினார் என்று கேட்டால், "கையிலை அம்பிட்டது அதுதான்" என்பார். அதற்கு மேல் நாங்களும் கேட்பதில்லை. எங்கள் கலியாணம் முடிந்த கையோடு அவர் கனடாவுக்குப் புறப்பட்டார். போகும்போது அந்த அடுப்பை யோகாவுக்குக் கலியாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அடுப்பைக் கண்ட நாள் முதல் யோகாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. தனக்கென்று ஒரு குசினி வேண்டும். ஏனென்றால் வீட்டுக் குசினி மாமியின் இராச்சியம். மாமா முன்பே காலமாகிவிட்டதால் வீடு முழுவதும் அவர் இராச்சியம்தான் என்றாலும், குசினியில் ஆட்சி இன்னும் கடுமை. பட்டப்படிப்பு முடித்த யோகாவுக்கு அங்கே தேங்காய் துருவ மட்டும் அனுமதி இருந்தது. உப்புப் பக்கம் கை போனால், "நீ தள்ளு பிள்ளை, உப்பு நான் பாத்துப் போடுறன்" என்று குரல் வரும். வீட்டின் ஓரத்தில் வெங்காயம் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதைத் தா, காஸ் அடுப்பை வைத்து நாங்கள் இருவரும் சமைத்துக்கொள்கிறோம் என்று யோகா கேட்டாள்.

"ஒரு வீட்டுக்கை ரெண்டு உலையோ?" என்றார் மாமி. "தாயும் மேளும் கோவமெண்டெல்லோ சனம் கதைக்கும்!"

அழுகை, மௌனம், ஒரு நேரச் சாப்பாட்டை மறுத்தல் எல்லாம் நடந்து, கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, வெங்காய அறையில், அந்த அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். "பால் வடிவாப் பொங்கினால் அறையை எடு. பொங்காட்டி உந்தச் சாமானைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்துப்போட்டு என்னோடை ஒரு உலையிலை சமை. பேந்து உந்தக் கதை எடுக்கப்படாது." யோகா தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, உதை மட்டும் எனக்கு ஒழுங்காச் செய்து தாங்கோ. வேறை ஒண்டும் நான் உங்களிட்டைக் கேக்கேல்லை" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வெங்காய அறைக்காக இமயமலையைக்கூடப் பெயர்த்து வைக்கலாம் போல இருந்தது எனக்கு. நல்ல காலம், மலை கிட்டடியில் இல்லை.

யாழ்ப்பாணம் பட்டினத்தில் காஸ் விற்கிற முகவர் ஒருவர் இருந்தார். சிலிண்டரும் ரெகுலேற்றரும் ரப்பர்க் குழாயும் எடுத்து வைத்துவிட்டு, அவர் பாதுகாப்பு விதிகளைச் சொல்லத் தொடங்கினார். விதி என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து நின்றேன்.

"எங்கடை ஆள் வந்துதான் பூட்டுவார். நீங்கள் கை வைக்கப்படாது. சிலிண்டர் வீட்டுக்கு வெளியிலை நிக்கோணும். காஸ் காத்தைவிடப் பாரம், ஒழுகினால் நிலத்தோடைதான் கிடக்கும். மணந்தால் நெருப்புப்பெட்டியைத் தொடாமல் கதவு யன்னலெல்லாம் திறந்துவிடோணும். விளங்குதோ?"

மணந்து மூன்று மாதமான எனக்கு எல்லாம் விளங்கியது. ஒவ்வொரு விதிக்கும், அதை நானே எழுதியவன் போலத் தலையை ஆட்டினேன். பிறகு சிலிண்டரைச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு கோப்பாய்க்கு வந்தேன். வழியில் கண்டவர்கள் எல்லோரும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அந்த மரியாதை எனக்கென்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வாசல் படலையில் மாமி நின்றார். "உதென்ன தம்பி, குண்டோ?"

"இல்லை மாமி. விதிப்படி வைச்சால் ஒண்டும் செய்யாது."

விதிப்படி வைப்பதற்காக அலவாங்கை எடுத்து வெங்காய அறையின் பின்சுவரில் ஓர் ஓட்டை இடித்தேன். சிலிண்டர் சுவருக்கு வெளியே. அடுப்பு உள்ளே. ஓட்டையால் ரப்பர்க் குழாய் போகும். தன் தகப்பன் கட்டிய சுவர் உடைவதை மாமி பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை என்றபடியால் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வரவேண்டிய முகவரின் ஆள் வரவில்லை. அன்று ஹர்த்தால். பட்டினத்தில் கடையும் இல்லை, தெருவில் பஸ்ஸும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம். அதை விட்டால் அடுத்த நல்ல நாளுக்குள் மாமியின் மனம் மாறிவிடும் என்று யோகா பயந்தாள். நான் யோசித்தேன். விதிப்படி ஆள் வந்துதான் பூட்ட வேண்டும். ஆள் வராத பட்சத்தில், விதிகளை நன்கு அறிந்த பொறுப்பான ஒருவர் பூட்டலாம் என்று ஓர் உபவிதியை அந்த இடத்திலேயே இயற்றி, அதை நானே அங்கீகரித்தேன்.

வியாழன் பின்னேரம் ஒத்திகை நடந்தது. நான் சுவருக்கு வெளியே சிலிண்டரோடு குந்தியிருப்பேன். யோகா உள்ளே குழாயின் முனையை அடுப்பில் செருகி, வளையத்தைத் திருகாணியால் இறுக்குவாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து "பூட்டியாச்சோ?" என்று கேட்க வேண்டும். அவள் "ஓம், பூட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் சிலிண்டரைத் திறப்பேன். காஸைத் திறக்காமலே இரண்டு மூன்று தரம் செய்து பார்த்தோம். அவ்வளவு அழகாக இருந்தது. ஒத்திகை முடிந்ததும், பூட்டிய குழாயை இரவில் அப்படியே விடக்கூடாது என்று இன்னொரு விதியைப் போட்டு, அடுப்பிலிருந்து கழற்றிவிட்டேன்.

மாமிக்கும் ஒரு பயிற்சி கொடுத்தேன். அடுப்பின் முன்பக்கத்தில் இருந்த இரண்டு திருகிகளையும் காட்டி, "இப்பிடித் திருப்பினால் திறக்கிறது மாமி. இப்பிடித் திருப்பினால் பூட்டிறது. முதல் ரெண்டையும் பூட்டி வைச்சிருக்கோணும்" என்றேன். அவர் கவனமாகத் திருப்பிப் பார்த்துப் பழகினார்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணம் அல்லாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கதவை அடைப்பதும் பூட்டுவதுதான். தண்ணீர்க் குழாயை நிறுத்துவதும் பூட்டுவதுதான். புதிதாக ஒரு மின்விசிறியை வாங்கி முகட்டில் பொருத்துவதும் பூட்டுவதுதான். மூன்றுக்கும் ஒரே சொல். நூற்றாண்டுகளாக அதனால் எங்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. காஸ் என்ற ஒன்று அதுவரை ஊருக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை வெங்காய அறை கழுவித் துடைத்து, கோலம் போட்டு, அடுப்புக்குத் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வரத்தம் பூவும் வைத்திருந்தார்கள். மாமியின் தமக்கை அரியாலையிலிருந்து வந்திருந்தார். நான் அவரைப் பெரியமாமி என்று கூப்பிடுவேன். அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள். குத்துவிளக்குத் திரி போட்டுத் தயாராக இருந்தது. நல்ல நேரம் பிறந்ததும் முதலில் விளக்கு, பிறகு அடுப்பு என்பது ஏற்பாடு. பெரியமாமி நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எல்லோரையும் ஒருமுறை மேற்பார்வை செய்துவிட்டு, குறடு ஒன்றையும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

நான் குந்திய பிறகு உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. பெரியமாமி பால் செம்பைத் திறந்து பார்த்திருக்கிறார். "உது விடியக் கறந்த பாலெல்லோ! புது அடுப்புக்குப் புதுப்பால் வேணும்" என்றிருக்கிறார். பால் பொங்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் யோகா செம்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். குழாயின் முனை அடுப்புக்குக் கீழே நிலத்தில் கிடந்தது. அதை அடுப்பில் செருக வேண்டும் என்பது அங்கே நின்ற வேறு ஒருவருக்கும் தெரியாது.

நான் ஓட்டைக்குக் கிட்ட வாயை வைத்து, கந்தோர்க் குரலில், "பூட்டியாச்சோ?" என்று கேட்டேன்.

மாமி அடுப்பைப் பார்த்தார். இரண்டு திருகியும் நான் பழக்கியபடியே பூட்டியிருந்தன.

"ஓம், பூட்டியாச்சு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல். நான் சிலிண்டரைத் திறந்தேன்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். காஸ் போகும் சத்தம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"ஐயோ, உங்கை பாம்பு சீறுது!" என்று பெரியமாமியின் குரல் கேட்டது.

"பாம்பில்லை அக்கா, என்னவோ செத்து மணக்குது. எலியாக்கும்" என்றார் மாமி.

"அப்ப பாம்பு எலியைக் கொண்டுபோட்டுது!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குழாய் பூட்டுப்படவில்லை! காஸ் அறைக்குள் போகிறது! இந்த இடத்தில் அறிவுள்ள மனிதன் என்ன செய்வான்? தன் கைக்கு எட்டிய தூரத்தில், மூக்குக்கு நேரே இருக்கிற சிலிண்டரைத் திருகி மூடுவான். நான் துள்ளி எழுந்து, யாராவது எதையாவது மூடட்டும் என்ற எண்ணத்தில், தொண்டை கிழியக் கத்தினேன்.

"பூட்டுங்கோ! பூட்டுங்கோ! கெதியாப் பூட்டுங்கோ!"

அது எண்பத்து நான்காம் ஆண்டு என்று முதலே சொன்னேன். அந்த நாட்களில் வெளியே ஓர் ஆண்குரல் "பூட்டுங்கோ" என்று கத்தினால், எதை என்று யாரும் கேட்பதில்லை. ஆமி ட்ரக் தெருவை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். படார் என்று கதவு சாத்துப்பட்டது. யன்னல்கள் சாத்துப்பட்டன. கொண்டிகள் விழுந்த சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டிலும் கேட்டது. அதற்கு அடுத்த வீட்டிலும் கேட்டது. ஒழுங்கை முழுவதும் வரிசையாகப் பூட்டிக்கொண்டு போயிற்று. பொதுமக்கள் ஒரு விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததை என் கந்தோர் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

ஓடிப்போய் வெங்காய அறைக் கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். (ஆமிக்காரனும் அப்படித்தான் அடிப்பான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.) உள்ளே மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது.

"மாமி! காஸ்! மாமி, காஸ்!"

உள்ளே அயல்வீட்டுப் பெண் ஒருவர் குசுகுசுத்தது கேட்டது. "ஐயோ, ஆமி காஸ் அடிக்கிறானாம்!"

"சீலைத் தலைப்பை நனைச்சு மூக்கிலை பிடியுங்கோ" என்று மாமியின் கட்டளை பிறந்தது. "எல்லாரும் நிலத்திலை படுங்கோ. நல்லாக் கீழை படுங்கோ!"

காஸ் காற்றைவிடப் பாரம், நிலத்தோடுதான் கிடக்கும். கதவு யன்னல் திறந்துவிட வேண்டும். முகவர் சொன்ன ஒவ்வொரு விதியையும் தலைகீழாகப் பிடித்து, பூட்டிய அறைக்குள், காஸுக்குப் பக்கத்தில் வரிசையாக நால்வரும் படுத்திருந்தார்கள். ஒரு விதி மட்டும்தான் மீறப்படாமல் இருந்தது. அதற்கும் நேரம் வந்தது.

"கும்மிருட்டாக் கிடக்கு. ஒரு அறுப்பும் தெரியேல்லை" என்றது பெரியமாமியின் குரல். "விளக்கைக் கொளுத்தட்டோ?"

நெருப்புப்பெட்டி குலுங்கும் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். விதி விதியாகப் பேசிய வாயிலிருந்து ஒரு காற்றுக்கூட வரவில்லை. மாமியைப் பற்றி நான் மனதுக்குள் நினைத்த பொல்லாத நினைப்புகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து வந்து வரிசையில் நின்றன. மாமி செத்துப்போனால் நான் யோகாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவ்வளவு பயம் நான் அதற்குப் பிறகு ஷெல் விழுந்தபோதுகூடப் பட்டதில்லை.

அப்போதுதான் யோகா, என் குரலைக் கேட்டு, பால் செம்போடு ஓடி வந்தாள். பூட்டிய கதவையும், கையைத் தூக்கியபடி ஊமையாக நின்ற என்னையும் பார்த்தாள். சீறும் சத்தத்தைக் கேட்டாள். செம்பை நிலத்தில் வைத்துவிட்டு, சுவருக்குப் பின்னால் போய், சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு வந்தாள். சத்தம் நின்றது. கதவடியில் வந்து நின்றபோது பெரியமாமி இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டிருந்தார், கொளுத்தட்டோ என்று.

நானாக இருந்தால் "காஸ் எரிபற்றுநிலை" என்று தொடங்கியிருப்பேன். யோகா கதவில் வாயை வைத்துச் சொன்னாள்: "பெரியம்மா, நெருப்புப்பெட்டியைத் தொடாதேங்கோ! வெளிச்சம் கண்டால் ஆமி உள்ளுக்கை வந்திடுவான்!"

நெருப்புப்பெட்டி எங்கோ தள்ளிப்போய் விழுந்த சத்தம் கேட்டது. பட்டப்பகலில் ஒரு குத்துவிளக்கின் வெளிச்சத்தை ஆமி எப்படிக் காண்பான் என்று உள்ளே ஒருவரும் கேட்கவில்லை.

சிறிது நேரம் கழித்து மாமியின் குரல் மெதுவாக வந்தது. "போட்டாங்களோ?" (போய்விட்டார்களா என்று கேட்கிறார்.)

"போட்டாங்கள் அம்மா. கதவைத் திறவுங்கோ. யன்னலெல்லாம் திறவுங்கோ. கெதியா வெளியிலை வாங்கோ."

"உன்ரை மனுசன் எங்கை? சத்தத்தைக் காணேல்லை. பிடிச்சுக்கொண்டு போட்டாங்களோ?"

யோகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படிக் கொண்டுபோயிருந்தாலும் பரவாயில்லை என்பது போல ஒரு பார்வை. "இல்லையம்மா. இஞ்சைதான் நிக்கிறார்."

கதவு திறந்தது. ஈரச் சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி, இருமிக்கொண்டு, நால்வரும் தள்ளாடி வெளியே வந்து முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே இருந்தார்கள். தலைவலி, குமட்டல், கோலமாவு ஒட்டிய கன்னம். அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மாமி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"தம்பி, எங்களைப் பூட்டச் சொல்லிப்போட்டு நீங்கள் வெளியிலை நிண்டனீங்களே! உங்கடை உயிரைக்கூட யோசிக்காமல்!"

பெரியமாமி என் தலையைத் தடவி விட்டார். அயல்வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது. அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் ஒரு மனிதனாக மதிக்கப்பட்டேன். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் அவர்கள் தலையைத் தடவி முடிக்கட்டும் என்று சற்றுப் பொறுத்தேன்.

பொறுத்தது பிழை. படலையில் சைக்கிள் மணி அடித்தது. காக்கிக் காற்சட்டை போட்ட ஒரு தடித்த மனிதர் உள்ளே வந்தார்.

"காஸ் பூட்ட வந்தனான். நேத்து ஹர்த்தால்" என்றவர், மூக்கை உறிஞ்சிவிட்டு முகம் சிவந்தார். "இஞ்சை காஸ் மணக்குது! ஆரம்மா பூட்டினது?"

"நான்தான் பூட்டினன்" என்றார் மாமி பெருமையோடு.

"நீங்களோ? உங்களை ஆர் பூட்டச் சொன்னது?"

"மருமோன்தான். வெளியிலை நிண்டு கத்தினவர்."

"அவர் கத்தினால் நீங்கள் பூட்டிறதோ? நான் வருமட்டும் பூட்டப்படாதெண்டு கடையிலை சொல்லிவிட்டதெல்லோ?"

"நல்ல கதை! நீர் வருமட்டும் பூட்டாமல் இருந்தால் ஆமிக்காரன் உள்ளுக்கை வந்திருப்பானே?"

"ஆமிக்காரனுக்கும் காஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அவங்கள்தானே காஸ் அடிச்சவங்கள்!"

அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு வெங்காய அறைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்புக்குக் கீழே கிடந்த குழாயின் முனையைத் தூக்கிக் காட்டினார். "உது அடுப்பிலை பூட்டவே இல்லையே!"

"ஏன் இல்லை? ரெண்டு திருகியையும் வடிவாப் பூட்டினனான். பூட்டியாச்சோ எண்டு கேட்டவர், நானும் ஓமெண்டு..."

மாமி பாதியில் நிறுத்தினார். குழாயைப் பார்த்தார். சுவரில் நான் இடித்த ஓட்டையைப் பார்த்தார். அந்த ஓட்டையால் பார்த்தால் சிலிண்டர் தெரிந்தது. பிறகு மிக மெதுவாக என் பக்கம் திரும்பினார். பிடித்திருந்த என் கையை எப்போது விட்டார் என்று எனக்குத் தெரியாது.

"தம்பி, நீங்கள் என்னத்தைப் பூட்டச் சொன்னனீங்கள்?"

நாற்பது வருடமாக இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் தரம் ஒன்றைச் சொன்னேன். இரண்டாம் தரம் வேறொன்றைச் சொன்னேன். இரண்டு தரமும் அவர்கள் இன்னொன்றைச் செய்தார்கள். இலக்கணப்படி யாரிலும் பிழையில்லை. அன்று இதை விளக்க முயன்றேன். மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"பிள்ளை, உவருக்குக் கந்தோரிலை என்ன வேலையெண்டு தரகர் சொன்னவர்?"

"விதியள் பாக்கிற வேலை அம்மா."

"ம்" என்றார் மாமி.

இதற்கிடையில் ஒழுங்கை இன்னும் பூட்டித்தான் கிடந்தது. இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். யோகா சொன்னாள். சிரிக்காமல் திரும்பிப் போவதற்கு அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பின்னேரம் சந்திக் கடைக்கு எண்ணெய் வாங்கப் போனபோது கடைக்காரர் எனக்கே செய்தி சொன்னார். கோப்பாயில் ஆமி காஸ் அடித்ததாம். பெண்கள் மயங்கி விழுந்தார்களாம். "அதுவும் தமிழிலை கத்திக்கொண்டு வந்தவங்களாம் தம்பி. எங்கடை ஆக்களைப் போலையே நல்ல வடிவான தமிழாம்!" நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, காலம் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு எண்ணெயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பால் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அறை நன்றாகக் காற்றாடும்வரை காத்திருந்து, அந்தத் தடித்த மனிதர் முறைப்படி எல்லாவற்றையும் பூட்டி, சவர்க்கார நுரை தடவி ஒழுக்குப் பார்த்து, அடுப்பை மூட்டிக் காட்டினார். நீலச் சுவாலை. பாலும் பொங்கியது. ஆனால் நல்ல நேரம் எப்போதோ போய்விட்டது. பொங்கியதை மாமி வந்து பார்க்கவும் இல்லை. யோகா பானைக்கு முன்னால் நின்று அழுதாள். ஒரு சின்ன அறை. அவள் என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியம். அதையும் கெடுத்துவிட்டேன். பக்கத்தில் போய் நிற்கக்கூடத் துணிவு வரவில்லை.

அடுத்த நாள் காலை மாமி தீர்ப்பைச் சொன்னார். "வெங்காய அறை தரமாட்டன். அது என்ரை படுக்கையறைச் சுவரோடை ஒட்டிக் கிடக்கு."

யோகா தலையைக் குனிந்தாள்.

"வளவின்ரை அந்தத் தொங்கலிலை, மாட்டுக் கொட்டிலுக்கும் அங்காலை, உனக்கொரு குசினி கட்டித் தாறன். தனிக் குசினி. எங்களுக்கு ஒண்டும் நடக்காத தூரத்திலை. யன்னல் நாலு பக்கமும் வை. ஆனால் ஒரு விதி." அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்த்தார். "உவர் அதுக்கை கால் வைக்கப்படாது."

யோகா என்னைக் கலந்தாலோசிப்பாள் என்று நினைத்தேன். "ஓம் அம்மா" என்று மாமி வாய் மூடுமுன் சொல்லிவிட்டாள். கேட்டது ஒரு வெங்காய அறை, கிடைத்தது ஒரு முழுக் குசினி. அதற்கு விலையாகக் கொடுத்தது என்னை மட்டும்தான். அந்தக் கணக்கில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தம் இருக்கவில்லை. அதில் சமைத்த முதல் கறியை மாமி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் காணாது என்றார். யோகா, எனக்குப் போதும் என்றாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குசினி வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அந்த விதி இன்றும் அமுலில் இருக்கிறது. மாமி காலமாகிவிட்டார். அந்தக் குசினி போரில் போய்விட்டது. நாங்கள் இப்போது கனடாவில் மகள் வீட்டில் இருக்கிறோம். இங்கே சமைப்பது மின்சார அடுப்பில். ஒழுகுவதற்குக் காஸே கிடையாது. ஆனாலும் ஒரு தேத்தண்ணி போடலாம் என்று நான் குசினிப் பக்கம் காலை எடுத்து வைத்தால் போதும், "அம்மப்பா வாறார், பூட்டுங்கோ!" என்று பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டு நிலத்தில் குப்புற விழுந்து படுப்பார்கள். அவர்களுக்குத் தமிழில் ஒழுங்காக வருகிற ஒரே வசனம் அதுதான். ஆமி என்றால் என்னவென்று தெரியாது. அம்மப்பா வந்தால் படுக்க வேண்டும் என்று தெரியும். மகளும் கையில் அகப்பையோடு போய்ப் படுப்பாள். முழங்கால் ஏலாத யோகா மட்டும் படுப்பதில்லை. கதிரையில் இருந்தபடியே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகக் கேட்பாள்: "போட்டாரோ?"